மூன்று மாதப் பட்டம்

தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில் கட்டடக் கலைஞர் ஒருவரின் பெயர் இருக்கிறது. வீரசோழன் குஞ்சரமல்லன் என்ற அவருக்கு அரசன் தன் பெயரையே சேர்த்து, இராசராசப் பெருந்தச்சன் என்று பட்டம் அளித்தான். கோயில் பணியில் இருந்த நாவிதருக்கும் அதேபோல் இராசராசப் பெருநாவிசன் என்ற பட்டம் கிடைத்தது. 1010இல் திருப்பணி முடிந்த கோயில் அது. ஆயிரம் ஆண்டுகள் கடந்தும் அந்தப் பட்டங்கள் கல்லில் இருக்கின்றன. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை யாரும் வந்து, தச்சரின் தகுதி குறைந்துவிட்டதா என்று பார்த்து எழுத்தைச் செதுக்கி எடுக்கவில்லை.

என் அண்ணிக்குக் கிடைத்த பட்டத்தின் நிலை வேறு. திருவையாற்றை அடுத்து, குடமுருட்டிக் கரையில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டின் இரண்டு அறைகளை அவர் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறார். நாட்டு ஓடு வேய்ந்த, முற்றமும் திண்ணையும் உள்ள வீடு. இடித்துவிட்டுக் கான்கிரீட் வீடு கட்டலாம் என்று அண்ணன் முடிவு செய்திருந்த நேரத்தில், சென்னையில் இருக்கும் அவர்களுடைய மகள்தான் இணையத்தில் பதிவு செய்து கொடுத்தாள். ஓட்டைப் பிரித்து மாற்றுவதற்கான செலவை இரண்டு ஆண்டுகளில் அந்த வாடகையே ஈட்டித் தந்தது. வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றுத் தஞ்சாவூரில் இருக்கும் நான் அதற்குக் கணக்கு எழுதுபவன். அந்த வகையில்தான் ‘சிறந்த விருந்தோம்புநர்’ என்ற பட்டத்தின் வரவையும் செலவையும் அருகில் இருந்து பார்க்க நேர்ந்தது.

ஐந்து காலாண்டுகள் அந்தப் பட்டம் அவரிடம் இருந்தது. ஆறாவது காலாண்டில் போய்விட்டது. மீண்டும் அதற்கு முயல வேண்டுமா என்ற கேள்வி எங்கள் வீட்டில் இன்னும் தீரவில்லை. தஞ்சை, கும்பகோணம் சுற்றுவட்டாரத்தில் பழைய வீடுகளைத் தங்கும் இல்லங்களாக மாற்றுவோர் கூடிவரும் காலம் இது. கடைசியாக 2016 பிப்ரவரியில் நடந்த மகாமகம் அடுத்து 2028இல் வருகிறது. அதற்குள் இன்னும் பலர் இதில் இறங்குவார்கள். அவர்கள் முன்னும் இதே கேள்வி வரும் என்பதால் இதனைச் சற்று விரிவாகப் பேசுவதில் தவறில்லை.

அண்ணியின் வீடு எந்தத் தளத்தில் பதிவாகியுள்ளது என்பது இங்கே முக்கியமன்று. இத்தகைய பட்டங்களில் உலகம் நன்கு அறிந்தது, 2008இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கப்பட்ட ஏர்பிஎன்பி நிறுவனம் வழங்கும் ‘சூப்பர்ஹோஸ்ட்’. எனவே அதன் விதிகளைக் கொண்டே விளக்குகிறேன். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் தேதிகளில், அதற்கு முந்தைய ஓராண்டுச் செயல்பாடு கணக்கில் எடுக்கப்படும். அந்த ஓராண்டில் குறைந்தது பத்து முன்பதிவுகளில் விருந்தினர் வந்து தங்கியிருக்க வேண்டும். நீண்ட நாள் தங்குவோருக்கு விடுபவர் என்றால் மூன்று முன்பதிவுகளில் 100 இரவுகள். விருந்தினரின் கேள்விகளில் 90 விழுக்காட்டுக்கேனும் 24 மணி நேரத்துக்குள் பதில் போயிருக்க வேண்டும். வீட்டுக்காரர் தாமாக ரத்து செய்த முன்பதிவுகள் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாக இருக்க வேண்டும். விருந்தினர் தந்த நட்சத்திரங்களின் சராசரி ஐந்துக்கு 4.8 ஆகவேனும் இருக்க வேண்டும்.

படிக்கும்போது எளிதாகத் தோன்றும் இவ்விதிகளைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் உண்மை விளங்கும். ஓராண்டில் இருபது பேர் மதிப்பீடு எழுதினார்கள் என்று கொள்வோம். மொத்தம் நூறு நட்சத்திரங்கள். 4.8 என்ற சராசரிக்கு அதில் 96 கிடைத்தாக வேண்டும். நூற்றுக்கு நான்குதான் இழக்கலாம். நான்கு பேர் ஐந்துக்குப் பதிலாக நான்கு கொடுத்தால் அந்த இருப்பு தீர்ந்துவிடும். ஐந்தாவது ஆளும் நான்கு கொடுத்தால் பட்டம் இல்லை. யாரோ ஒருவர் கோபத்தில் ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்துவிட்டுப் போனால், அந்த ஒருவரே ஆண்டு முழுமைக்குமான இருப்பைத் தீர்த்துவிடுகிறார்.

ரத்து பற்றிய விதி இதைவிடக் கடினமானது. ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு என்றால், ஓராண்டில் நூறு முன்பதிவுக்கு மேல் பெறுபவர் மட்டுமே ஒருமுறை ரத்து செய்துவிட்டுத் தப்ப முடியும். இரண்டு அறைகளை வைத்துக்கொண்டு ஆண்டுக்கு முப்பது, நாற்பது முன்பதிவு பெறும் வீட்டுக்கு அதன் பொருள், ‘ரத்தே கூடாது’ என்பதுதான். நகரத்தில் பத்து அடுக்ககங்களை வாடகைக்கு எடுத்து நடத்தும் தொழில்முறை ஆளுக்கு இருக்கும் சலுகை, சொந்த வீட்டில் குடியிருந்துகொண்டே அறை விடும் குடும்பத்துக்கு இல்லை. சிறிய வீட்டுக்காரரைக் கைதூக்கிவிடும் பட்டம் என்று இதனை நினைப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

வெள்ளம், புயல் போன்ற பேரிடர்களில் செய்யும் ரத்துக்கு விதிவிலக்கு உண்டு. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரையைக் கடந்தபோது டெல்டா மாவட்டங்களின் பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அத்தகைய பேரிடரை எந்தத் தளமும் புரிந்துகொள்ளும். பெயர் வைக்கப்படாத மழைதான் சிக்கல். வடகிழக்குப் பருவமழையில் இரண்டு நாள் மின்தடை, கைப்பேசிக் கோபுரம் செயலிழப்பு, முற்றத்தில் கணுக்கால் நீர் என்பதெல்லாம் எங்கள் பகுதியில் செய்தியாகக்கூட வராது.

அண்ணியின் பட்டத்தைப் பறித்தவை மூன்று சிறிய நிகழ்ச்சிகள். முதலாவது அத்தகைய ஒரு கார்த்திகை மழை. இரண்டு நாள் சார்ஜ் இல்லாமல் கைப்பேசி அணைந்து கிடந்ததில் மூன்று விசாரணைகளுக்கு உரிய நேரத்தில் பதில் போகவில்லை. இரண்டாவது, பங்காளி வீட்டில் ஒரு சாவு. தீட்டுக் காலத்தில் விருந்தினரை வைத்து உபசரிக்க முடியாது என்று அண்ணன் உறுதியாகச் சொல்லிவிட, மறுநாள் வரவிருந்த முன்பதிவு ரத்தானது. பங்காளி என்ற சொல்லை எந்த மென்பொருளுக்கு விளக்குவது? மூன்றாவது, புதுச்சேரியிலிருந்து வந்து இரண்டு நாள் தங்கிய ஓர் இளம்பெண் தந்த நான்கு நட்சத்திரம். அவர் எழுதியிருந்ததோ முழுக்க முழுக்கப் பாராட்டு. புளியோதரையைப் பற்றி மட்டும் மூன்று வரி. தெரிந்த பெண்தான் என்பதால் பிறகு தொலைபேசியில் கேட்டபோது, “ஐந்து என்பது மிக மிக உயர்ந்த ஓட்டல்களுக்குத்தானே, அதனால் நான்கு கொடுத்தேன்” என்றாராம்.

“பட்டம் போனாப் போகட்டும் தம்பி, சாப்பாடு நல்லாருக்குன்னு எழுதிட்டு ஒண்ணை ஏன் குறைச்சான்னுதான் எனக்குப் புரியல” என்று அண்ணி என்னிடம் கேட்டார்.

புரியாமல் போவதற்கு ஒன்றுமில்லை. நம் பள்ளிகளில் நூற்றுக்கு எண்பது என்பது நல்ல மதிப்பெண். ஐந்துக்கு நான்கு என்பதும் அதே எண்பதுதான். தளமோ தொண்ணூற்றாறு எடுத்தால்தான் தேர்ச்சி என்கிறது. இந்தத் தேர்வில் எண்பது தோல்வி என்பதை மதிப்பெண் போடுபவருக்கு யாரும் அழுத்திச் சொல்வதில்லை. மேலைநாட்டுப் பயணிகளில் அடிக்கடி பயணம் செய்வோர் இந்த வழக்கத்தை அறிந்தவர்கள். குறையில்லை என்றாலே ஐந்து போட்டுவிடுவார்கள். நம்மவர்கள் நேர்மையாக யோசித்து நான்கு போடுவார்கள். உள்நாட்டுப் பயணியை அதிகம் வரவேற்கும் வீடு, அதன் காரணமாகவே பட்டத்தை இழக்கும் வாய்ப்பு அதிகம்.

இப்படி ஒரு விசித்திரமான அளவுகோல் தோன்றியதற்கும் ஒரு காரணம் உண்டு. அமெரிக்காவின் பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் ஏர்பிஎன்பியின் மதிப்பீடுகளை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ 95 விழுக்காடு தங்குமிடங்களின் சராசரி நான்கரை அல்லது ஐந்து நட்சத்திரமாக இருந்தது. ஒருவர் வீட்டில் தங்கி, அவர் கையால் காபி வாங்கிக் குடித்துவிட்டுக் குறை எழுத மனிதர்களுக்கு மனம் வருவதில்லை. பதிலுக்கு அவரும் நம்மைப் பற்றிக் குறை எழுதிவிடுவாரோ என்ற அச்சமும் அந்நாளில் இருந்தது. அதனைப் போக்கவே 2014 முதல், இருவரும் எழுதி முடித்த பின்போ 14 நாள் கெடு முடிந்த பின்போதான் இருவர் மதிப்பீடும் வெளியாகும் என்று விதியை மாற்றினார்கள். எனினும் எல்லோரும் முதல் வகுப்பில் தேறும் பள்ளியில் மதிப்பெண்ணால் பயன் இல்லை. அந்த நெரிசலுக்குள் இன்னொரு கோடு கிழிக்கத்தான் பட்டம் தேவைப்படுகிறது. தளத்தின் பார்வையில் அது தெளிவான ஏற்பாடு: முகம் தெரியாத ஊரில் முகம் தெரியாத வீட்டுக்கு முன்பணம் கட்டத் தயங்கும் பயணியின் அச்சத்தை ஒரு சிறிய சின்னம் குறைக்கிறது.

இதில் பயனே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2017இல் ‘டூரிசம் மேனேஜ்மென்ட்’ ஆய்விதழில் வெளியான, ஹாங்காங் தங்குமிடங்களைப் பற்றிய ஒரு கட்டுரை, பட்டம் பெற்ற வீடுகளுக்கு மதிப்பீடுகள் அதிகம் வருவதையும், அவற்றுக்குக் கூடுதல் வாடகை கொடுக்க விருந்தினர் முன்வருவதையும் கண்டது. பட்டம் பெற்றவர்களை மட்டும் காட்டுமாறு தேடலை வடிகட்டும் வசதியும் பயணிக்கு உண்டு. தொடர்ந்து நான்கு காலாண்டுகள் பட்டத்தைத் தக்கவைப்போருக்குப் பயணக் கூப்பன் வழங்கும் வழக்கமும் இருந்துவருகிறது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: இது காசு கொடுத்து வாங்கும் பட்டம் அன்று. புக்கிங் டாட் காம் தளத்தின் ‘ப்ரிஃபர்டு பார்ட்னர்’ என்ற கட்டைவிரல் சின்னம் அப்படியல்ல. நல்ல மதிப்பீட்டோடு, வழக்கத்தைவிடக் கூடுதல் கமிஷன் தர ஒப்புக்கொண்டால்தான் அது கிடைக்கும். அதோடு ஒப்பிட்டால் இது உழைத்துப் பெறுவது.

ஆனால் ஹாங்காங் வேறு, திருவையாறு வேறு. ஒரே தெருவில், ஒரே விலையில் நூற்றுக்கணக்கான அறைகள் கிடைக்கும் மாநகரில் பயணிக்கு ஒவ்வொன்றின் குறிப்பையும் படிக்க நேரம் இல்லை. சின்னத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார். காவிரிக் கரையில் ஓட்டு வீட்டில் தங்க விரும்பும் பயணிக்கு முன்னால் இருப்பவை விரல்விட்டு எண்ணக்கூடிய வீடுகள். அவர் ஒவ்வொரு வீட்டின் படத்தையும் பெரிதாக்கிப் பார்க்கிறார். எல்லா மதிப்பீடுகளையும் படிக்கிறார். கழிப்பறை மேலைநாட்டு முறையா, கொசுவலை உண்டா, பெரிய கோயிலுக்கு எத்தனை கிலோமீட்டர், காலையில் ஆட்டோ கிடைக்குமா என்று கேள்வி அனுப்புகிறார். அவருடைய முடிவில் சின்னத்தின் பங்கு சிறியது. எங்கள் கணக்குப் புத்தகத்தில் நான் கண்டதும் அதுதான். பட்டம் போன பிறகான பருவத்தில் வெளிநாட்டு விருந்தினர் வரத்து சொல்லும்படி குறையவில்லை. ஒரு வீட்டின் கணக்கை ஊரின் கணக்காக நீட்டக் கூடாது என்பது எனக்குத் தெரியும். என்றாலும் அண்ணிக்கு அது ஆறுதலாக இருந்தது.

மேலும், டெல்டாவுக்கு வருவோரில் பெரும் பகுதி சின்னத்தைப் பார்த்து வருபவர்களே அல்லர். கும்பகோணத்தைச் சுற்றியுள்ள நவக்கிரகத் தலங்களை ஒன்றிரண்டு நாட்களில் தரிசித்து முடிக்க வருபவர்கள், ஆராதனைக்குத் திருவையாறு வருபவர்கள், குலதெய்வக் கோயிலுக்குப் பிள்ளைக்கு முடியிறக்க வருபவர்கள் ஆகியோர் ஓட்டுநர் சொல்லியோ உறவினர் சொல்லியோ தொலைபேசியில்தான் அழைக்கிறார்கள். இதில் ஒரு விலைக் கணக்கும் இருக்கிறது. தளத்தின் வழியே வரும் முன்பதிவுக்கு ஜிஎஸ்டியைத் தளமே வசூலித்துச் செலுத்த வேண்டும் என்பது சட்டம். 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் அது 5 விழுக்காடு. அதன்மேல் தளத்தின் கட்டணம் வேறு. ஆண்டு வருவாய் 20 லட்சம் ரூபாயைத் தாண்டாத, ஜிஎஸ்டி பதிவு தேவைப்படாத வீட்டுக்கு நேரே தொலைபேசியில் வருபவருக்கு இவை இரண்டும் இல்லை. (தளத்தில் பார்த்துவிட்டு வந்தவரை அடுத்த கதவு வழியாக அழைத்துக்கொள்வது ஒப்பந்தத்தை மீறுவது, அதை நான் சொல்லவில்லை.) இப்படி நேரே வரும் நாற்பது குடும்பங்கள் மனநிறைவோடு திரும்பினாலும் பட்டத்தின் கணக்கில் அது பூஜ்யம்.

அப்படியானால் அந்தச் சின்னம் எதை அளக்கிறது? பதில் சொல்லும் வேகத்தை, வாக்கு மாறாமையை, குறை இல்லாமையை. மூன்றுமே நல்ல பண்புகள். அவை அனைத்தும் ஒரு கணினி தானே எண்ணிப் பார்க்கக்கூடியவை என்பதையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும். சட்டம் கேட்பவற்றில் ஒன்றுகூட அந்த நான்கு அளவுகோல்களில் இல்லை. வெளிநாட்டவர் வந்து தங்கிய 24 மணி நேரத்துக்குள் குடியேற்றத் துறைக்குத் தெரிவிப்பது வீட்டுக்காரரின் கடமை; தவறினால் வழக்கு வரும். அந்த 24 மணி நேரத்தைத் தவறவிட்டுவிட்டு, விருந்தினரின் கேள்விக்கான 24 மணி நேரத்தைத் தவறாமல் காத்தவருக்குப் பட்டம் கிடைப்பதில் தடையேதும் இல்லை. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ‘இன்கிரெடிபிள் இந்தியா’ இல்லத் தங்கல் திட்டமும் தங்கம், வெள்ளி என்று இரண்டு தரம் வைத்திருக்கிறது. ஒன்று முதல் ஆறு அறைகள் வரை, உரிமையாளர் குடும்பம் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும் என்பவை அதன் நிபந்தனைகளில் சில. அதிகாரிகள் நேரில் வந்து பார்த்துவிட்டுத் தரும் தகுதி அது. பயணிகள் அதனைத் தேடிப் பார்ப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் வீட்டுக்காரர் உண்மையிலேயே அந்த வீட்டில் இருக்கிறாரா என்று கேட்பது அந்த ஏட்டுத் தகுதிதான்; இணையப் பட்டம் அதனைக் கேட்பதில்லை.

இந்த இடத்தில் தஞ்சை மராட்டியர் காலச் சத்திரங்கள் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. இராமேசுவரம் செல்லும் வழிநெடுகிலும் அவர்கள் சத்திரம் கட்டினார்கள். ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி எழுப்பிய முத்தாம்பாள் சத்திரமும், நீடாமங்கலத்து யமுனாம்பாள் சத்திரமும் இன்றும் பெயர் சொல்கின்றன. வழிப்போக்கருக்கு உணவு, நோயுற்றோருக்கு மருந்து, பிள்ளைகளுக்குப் படிப்பு எனப் பலவும் அங்கே நடந்தன. அதனை இதனோடு ஒப்பிடுவது நியாயமன்று என்பதை உணர்கிறேன். சத்திரத்துக்கு மானிய நிலம் இருந்தது, அண்ணிக்கு மின்கட்டணம் இருக்கிறது. ஆயினும் பயணியை உபசரிப்பது இந்த மண்ணுக்குப் புதிதன்று. புதிதாக வந்திருப்பது உபசரித்தவரின் மேல் ஓயாமல் இருக்கும் கண்காணிப்பு.

அந்தக் கண்காணிப்பின் சுமை யார் தலையில் விழுகிறது என்பதைப் பேசாமல் இந்தக் கணக்கு முடியாது. பட்டம் இருந்த பதினைந்து மாதங்களில் அண்ணி கைப்பேசியைத் தலையணைக்கு அருகில் வைத்துக்கொண்டே உறங்கினார். ஐரோப்பாவில் மாலையாகும்போது இங்கே நள்ளிரவு. 24 மணி நேரம் அவகாசம் இருக்கிறதே, காலையில் பதில் போடலாமே என்று நான் சொன்னால், “அதுக்குள்ள அவங்க வேற வீடு பாத்துட்டா?” என்பார். தம் சகோதரி மகளின் வளைகாப்புக்கு அரை நாள் மட்டுமே போய்வந்தார். வீட்டின் பெயர் அண்ணனுடையது. வங்கிக் கணக்கும் அவருடையது. பட்டத்தைக் காக்கும் பொறுப்பு மட்டும் அண்ணியுடையதாயிற்று. துவைத்த விரிப்பு, காலை இட்லி, கழிப்பறைத் தூய்மை, இரவுப் பதில் எதற்கும் கணக்கில் கூலி எழுதப்படவில்லை. எழுதாதவன் நான்தான் என்பதால் இதனைச் சொல்லும் கடமையும் எனக்கு இருக்கிறது.

எழுதிப் பார்த்தால் என்ன ஆகும்? இரவுக்கு 2,500 ரூபாய் வாடகை, தளத்தின் வழியே ஆண்டுக்கு 60 இரவுகள் என்று ஓர் உதாரணம் கொள்வோம். மொத்த வருவாய் ஒன்றரை லட்சம். பட்டத்தின் பெயரால் வாடகையைப் பத்து விழுக்காடு உயர்த்த முடிந்தால் 15,000 ரூபாய் கூடும். மாதத்துக்கு 1,250 ரூபாய். மின்தடையில் தொடர்பு அறுந்துவிடாமல் இருக்க இன்வெர்ட்டரும் பேட்டரியும் வாங்கினால் முதல் ஆண்டு மிச்சம் அதிலேயே போய்விடும். இரவில் பதில் சொல்லவும் பகலில் பெருக்கித் துடைக்கவும் ஓர் ஆளை அமர்த்தினால், அவருடைய ஒரு வாரச் சம்பளத்துக்குக்கூட அந்த 1,250 காணாது. ஆக, பட்டம் லாபம் தருவதாகத் தோன்றுவதெல்லாம் வீட்டுப் பெண்ணின் உழைப்புக்கு விலை போடாத வரைதான்.

பயிர்க் காலமும் இந்தக் காலாண்டுக் கணக்கோடு ஒத்துப்போவதில்லை. ஜூன் 12இல் மேட்டூர் திறந்தால் குறுவை, அதன்பின் சம்பா, தாளடி. நவம்பரில் மழையோடு வயலைக் காக்கும் கவலை. வெளிநாட்டார் அதிகம் வருவதோ டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. அப்போதுதான் மார்கழிக் கோயில்கள், பொங்கல், ஆராதனை, சம்பா அறுவடை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து நிற்கின்றன. அறுவடை இயந்திரம் கிடைக்கும் நாளில் வீடே களத்தில் இருக்கும். அந்த நாளில் வந்து இறங்கும் விருந்தினர் வேறு எந்த நாளிலும் காண முடியாததைக் காண்பார். ஆனால் அவருக்கு மதிய உணவு மூன்று மணிக்குத்தான் கிடைக்கும். அதற்கு அவர் ஐந்து நட்சத்திரம் தருவாரா, நான்கு தருவாரா என்று யாரால் சொல்ல முடியும்?

இவற்றையெல்லாம் வைத்துப் பார்க்கும்போது என் முடிவு இதுதான். புதிதாகத் தொடங்கும் வீட்டுக்கு முதல் ஓராண்டு, ஒன்றரை ஆண்டு அந்தப் பட்டம் பயன்படும். யாரும் அறியாத வீட்டுக்கு ஓர் அறிமுகச் சீட்டாக அது உதவுகிறது. அதை நோக்கிய முயற்சியில் பழகும் ஒழுங்குகளும் வீண்போவதில்லை. முப்பது, நாற்பது நல்ல மதிப்பீடுகள் சேர்ந்த பிறகு அவைதான் வீட்டின் பட்டம். அதன்பின் சின்னத்தைக் காப்பதற்காக வீட்டின் நடைமுறையை வளைப்பது வீண். போதாதற்கு, 2023 நவம்பரில் ஏர்பிஎன்பி ‘கெஸ்ட் ஃபேவரிட்’ என்று இன்னொரு அடையாளத்தையும் கொண்டுவந்துவிட்டது. சூப்பர்ஹோஸ்ட் ஆளுக்குத் தரும் பட்டம். இது வீட்டுக்குத் தருவது. நாளை மூன்றாவதாக ஒன்று வரலாம். ஒவ்வொன்றின் பின்னாலும் ஓட ஒரு குடும்பத்தால் ஆகாது.

தளம் ஒன்றின் வருவாயை மட்டுமே நம்பி, கடன் வாங்கி அறைகளைக் கட்டியவர்களின் நிலை வேறு. தஞ்சை நகரின் உள்ளேயே, பேருந்து நிலையத்தை அடுத்து, ஒன்றைப் போலவே இன்னொன்று இருக்கும் அறைகளை நடத்துபவர்களுக்கும் சின்னம் தேவைப்படலாம். அவர்களுக்குப் போட்டி அண்டை வீடு, எங்களுக்கு அப்படியில்லை. அவர்களிடம் போய், விட்டுவிடுங்கள் என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை.

எங்கள் வீட்டில் ஒரு மாற்றம் செய்திருக்கிறோம். ஆண்டின் தொடக்கத்திலேயே பஞ்சாங்கத்தையும் பயிர்க் காலத்தையும் பார்த்து, செயலியின் நாட்காட்டியில் சில தேதிகளை மூடிவிடுகிறோம். மழை வலுக்கும் கார்த்திகையில் இரண்டு வாரம், பொங்கலுக்கு நான்கு நாள், அறுவடைக்கு உத்தேசமாக ஒரு வாரம். முன்பதிவை ஏற்றுவிட்டு ரத்து செய்தால்தான் குற்றம். தேதியை முன்கூட்டியே மூடி வைப்பது ரத்தாகக் கருதப்படுவதில்லை. இந்த எளிய வசதியைப் பட்டம் இருந்த காலத்தில் நாங்கள் பயன்படுத்தவே இல்லை. மூடினால் வரத்து குறையுமே என்ற பயம். வங்கிக் கணக்கு இப்போது இருவர் பெயரிலும் இருக்கிறது. கணக்குப் புத்தகத்தில் ‘உழைப்பு’ என்று ஒரு பத்தி புதிதாகச் சேர்ந்திருக்கிறது; அதில் என்ன தொகை எழுதுவது என்பதில் அண்ணனுக்கும் எனக்கும் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை.

போன வாரம் லியோனிலிருந்து ஒரு தம்பதியர் தை மாதத்தில் மூன்று இரவுகள் தங்க இடம் கேட்டு எழுதியிருந்தார்கள். அறுவடை இயந்திரம் எந்தத் தேதிக்குக் கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டு அண்ணன் திரும்பி வரட்டும், பிறகு பதில் போடலாம் என்று அண்ணி கைப்பேசியை மாடத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார். பதில் போக முப்பது மணி நேரம் ஆயிற்று.